வெர்டெலின் இடத்தில் ஒரு மடக்கு மேஜை

ஆர்லிஸ் நெஸ்விக்கை மர வேலைக்கு இழுத்து வந்தது ஓர் அலமாரித் தட்டு. அப்போது அந்த அம்மா எங்கள் லிண்ட் குரோவ் பள்ளிக்கூடத்தில் தலைமைச் சமையற்காரர். சமையலறையில் மாவு டப்பாக்கள் வைக்கும் தட்டு மூன்றாவது முறையாக உடைந்து விழுந்தபோது, அலுவலகத்துக்கு இன்னொரு சீட்டு எழுதி அனுப்பாமல், கோடை விடுமுறையில் தானே ஒரு கைரம்பத்தோடு போய்ப் புதிதாக ஒன்று செய்து மாட்டினார். கொஞ்சம் கோணல்தான். ஆனால் விழவில்லை. அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

அடுத்த ஏப்ரலில், பனி உருகி ரோடெல்லாம் சேறாக இருந்த ஒரு சனிக்கிழமை, பண்ணை ஏலம் ஒன்றிலிருந்து ரம்ப மேஜை வாங்கி வந்தார். வார்ப்பிரும்பு மேஜை, நடுவே ஒரு பிளவு, அதன் வழியாக வட்ட ரம்பம் தலைநீட்டும், பின்பக்கம் மோட்டார் மூட்டை போலத் தொங்கும். அதை வண்டியிலிருந்து இறக்க நான்கு பேர் தேவைப்பட்டோம். எதிர்வீட்டில் இருப்பதால் அந்த நால்வரில் நானும் ஒருவன். இன்னொருவர் ஆர்லிஸின் பக்கத்து வீட்டுக்காரர் ட்வெய்ன் ரோல்ஸ்டாட். டிராக்டர் விற்கிறவர். வாய் ஓயாதவர்.

“என்ன ஆர்லிஸ், வீட்டை அறுத்து விக்கப் போறியா?” என்றார் ட்வெய்ன்.

“ஆமா. உன் வீட்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.”

கார் நிற்கும் கராஜிலேயே, காருக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினோம். முதல் வாரமே ஒரு சிக்கல் தெரிந்தது. முன்னால் நின்று பலகையைத் தள்ளிக்கொண்டே போகலாம்; பலகை பாதிக்கு மேல் மேஜையைத் தாண்டியதும் அதன் தலை கனத்துப் பின்பக்கம் கவிழப் பார்க்கும். எட்டடிப் பலகையை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே அந்தப் பக்கம் பிடிக்கவும் ஒற்றை ஆளால் முடியாது. தடால் என்று ஒரு பலகை சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம் கேட்டு, சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு கணவர் வெர்டெல் வந்தார்.

வெர்டெல் கிராமத்துத் தபால்காரர். தினமும் எண்பது மைல் மண்சாலையில் ஜீப் ஓட்டிப் பண்ணை வீடுகளுக்குக் கடிதம் கொடுப்பவர். அவருக்கு மர வேலையில் ஆர்வம் கிடையாது. ஆணி அடித்தால் ஆணியைத் தவிர மற்றதெல்லாம் அடிபடும். ஆனால் அன்றைக்கு ரம்பத்தின் பின்னால் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

“பகலெல்லாம் குடுத்துக்கிட்டே இருக்கேன். சாயங்காலம் கொஞ்சம் வாங்கிப் பாக்கலாமே,” என்றார்.

அப்படித் தொடங்கியது பத்தொன்பது வருடம் நடந்தது. ஆர்லிஸ் தள்ளுவார், வெர்டெல் வாங்குவார். சர்ச்சுக்கு நீள மேஜைகள், ஏரிக்கரைக்குப் பெஞ்சுகள், மருமகளுக்குச் சமையலறை அலமாரிகள், என் வீட்டுப் புத்தக அலமாரி. லிண்ட் குரோவில் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போனால் இவர்கள் கை பட்ட மரம் ஒன்றாவது இருக்கும். இயந்திரம் ஓடும்போது பேச முடியாது. காதில் அடைப்பு வேறு. ஆர்லிஸ் நிமிர்ந்து பார்ப்பார். வெர்டெல் தாடையை ஒரு முறை ஆட்டினால் ‘வந்துவிட்டது, விடு’ என்று அர்த்தம். இருவருக்கும் இடையே அது போதுமானதாக இருந்தது.

வெர்டெலின் கை ஆடத் தொடங்கியது எப்போது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இந்த ஊரில் யாரும் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் “இதவிட மோசமாவும் இருந்திருக்கலாம்” என்பார்கள்; கால் உடைந்திருந்தாலும் அதே பதில்தான். வெர்டெல் காபிக் கோப்பையைப் பாதி மட்டும் நிரப்பச் சொன்னார். சட்டைப் பொத்தானை ஆர்லிஸ் போட்டுவிட்டார். டாக்டர் அதற்கு நடுக்குவாதம் என்று பெயர் சொன்னபோது ஆர்லிஸுக்கு எழுபது வயது, வெர்டெலுக்கு எழுபத்து மூன்று. அதற்குப் பிறகும் ஒரு வருடம் அவர் ரம்பத்தின் பின்னால் நின்றார். வேண்டாம் என்று சொல்ல ஆர்லிஸுக்கு வாய் வரவில்லை.

அக்டோபரில் அது நடந்தது. ஊர் நூலகத்தின் குழந்தைகள் அறைக்குப் பதினோரு அலமாரிகள் செய்து தருவதாக ஆர்லிஸ் சொல்லியிருந்தார். ஐந்து முடிந்திருந்தன. ஆறாவதற்காக ஒரு நீளப் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் வெர்டெலின் வலது கை துள்ளியது. பலகையின் முனை கோணலாகத் தூக்கிக்கொண்டது. பலகையில் அறுபட்ட பிளவு மூடி ரம்பத்தைக் கவ்வியது; ரம்பம் பலகையை அப்படியே முன்பக்கம் எறிந்தது. அது ஆர்லிஸின் இடுப்பில் பட்டு, அவருக்குப் பின்னால் இருந்த கராஜ் கதவில் பள்ளம் ஏற்படுத்தியது.

முழங்காலால் விசையை அணைத்துவிட்டுத்தான் ஆர்லிஸ் தரையில் உட்கார்ந்தார்.

எலும்பு முறியவில்லை. இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு தட்டளவு கன்றிப்போயிருந்தது. நான் அவர்களை மருத்துவமனையிலிருந்து காரில் அழைத்து வந்தேன். வழி முழுக்க வெர்டெல் தன் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“இனிமே நான் கராஜுக்கு வரல, ஆர்லிஸ்.”

அதன்பின் நான்கு மாதம் ரம்பம் ஓடவில்லை என்றே சொல்லலாம். வெர்டெலுக்கு நடைச் சட்டம் வந்தது. நான்கு கால் உள்ள அலுமினியச் சட்டம், அதைத் தள்ளித் தள்ளி நடக்க வேண்டும். கால் வழுக்கும் பனிக்காலத்தில் அவர் வெளியே இறங்க முடியாது என்பதால், சமையலறைக் கதவிலிருந்து ரம்பத்தின் பின்புறமாக நடந்து, கராஜுக்குள்ளேயே காரில் ஏறுவார். அந்த வழியில் போகும்போதெல்லாம் ரம்பத்தின் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார்.

ஆர்லிஸ் ஒரு முறை, அவர் தூங்கும் மதிய வேளையில், உருளை வைத்த தாங்கி ஒன்றைப் பின்னால் நிறுத்தி அறுத்துப் பார்த்தார். பலகை தாங்கியை முட்டித் தள்ளிவிட்டது. ஓசைப்படாமல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் ட்வெய்ன் காபி குடிக்க வந்திருந்தார். நானும் இருந்தேன். டிராக்டர் கடையை விட்டுவிட்ட பிறகு ட்வெய்னுக்கு ஊரில் உள்ள மற்றவர்களின் வேலைதான் வேலை.

“நூலகத்துல பாதி சுவர் மொட்டையா நிக்குது. ஆறு அலமாரி எங்கன்னு கேக்குறாங்க,” என்றார்.

“செய்யலாம்,” என்றார் ஆர்லிஸ்.

“அந்த மெஷினுக்குப் பின்னால ஒரு மேஜையப் போட வேண்டியதுதானே? மேஜைக்குக் கை ஆடாது.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கோப்பைக்குள் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெர்டெல் மட்டும் எதுவும் நடக்காதது போல, தட்டிலிருந்த, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கில் ஒரு துண்டை இரண்டு கையாலும் பிடித்து எடுத்துச் சாப்பிட்டார்.

நாங்கள் போன பிறகு நடந்ததை ஆர்லிஸ் பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்.

“அவன் சொல்றது சரிதான்,” என்றாராம் வெர்டெல்.

“ட்வெய்ன் என்னிக்குச் சரியாச் சொல்லியிருக்கான்?”

“இன்னிக்குச் சொன்னான். தெரியாம சொல்லிட்டான். ஆர்லிஸ், நீ எனக்காக மெஷினை நிறுத்தி வச்சிருக்க. எனக்கு அது பிடிக்கல. என் கை போனது போதும். உன் கையும் சேர்ந்து போகணுமா?”

“உன் இடத்துல ஒரு பலகையக் கொண்டுபோய் வைக்கச் சொல்றியா?”

“பலகை இல்ல, மேஜை. கொஞ்சம் மரியாதை குடு.”

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. அடுத்த தடையைச் சொன்னார். பின்னால் மேஜை போட்டால் வழி அடைபடும். நடைச் சட்டம் எப்படிப் போகும்?

“அப்ப மடக்கு,” என்றார் வெர்டெல். “மடக்குற மாதிரி செய்யத் தெரியாதா உனக்கு? ஊருக்கே மேஜை செஞ்சவ.”

மார்ச் முதல் வாரத்தில் வேலை தொடங்கியது. ஒட்டுப்பலகையைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று ஆர்லிஸ் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது சமையலறைக் கதவு திறந்திருந்தது. கதவுக்கு உள்ளே நாற்காலி போட்டு, கோட்டும் தொப்பியுமாக, மடியில் போர்வையோடு வெர்டெல் உட்கார்ந்திருந்தார். காரில் ஏறப் போவதைத் தவிர, கராஜுக்கு வரமாட்டேன் என்று சொன்ன சொல்லை அவர் மீறவில்லை. நாற்காலியின் நான்கு கால்களும் சமையலறையில்தான் இருந்தன.

முதல் முயற்சி வீணானது. மேஜைப் பலகையை ரம்பத்தின் பின் விளிம்பிலேயே கீல் வைத்துப் பூட்டிவிட்டார் ஆர்லிஸ். விரித்தால் அழகாக நின்றது. மடக்கிக் கீழே விட்டபோது, தொங்கும் மோட்டார் மேல் போய்ச் சாய்ந்துகொண்டு, திறந்த வாய் போல இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நடைச் சட்டம் என்ன, பூனைகூட இடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

“ஊஃப்டா,” என்றார் ஆர்லிஸ். இந்த ஊர்க்காரர்களின் மிகப் பெரிய கெட்ட வார்த்தை அதுதான்.

வேலியோரம் கேட்டுக்கொண்டிருந்த ட்வெய்ன் உள்ளே வந்து பார்த்தார். “மோட்டார்னு ஒண்ணு இருக்கிறத யாரும் உன்கிட்ட சொல்லலையா?”

“வாய்னு ஒண்ணை மூடி வைக்கலாம்னு உன்கிட்ட யாரும் சொல்லலையா?” என்றது கதவுப் பக்கமிருந்து வெர்டெலின் குரல். அவர் குரலில் அந்தக் குத்தலைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஆர்லிஸ் திருப்புளியும் கையுமாகக் கதவுப் பக்கம் திரும்பினார்.

மறுநாள் அதைக் கழற்றினார். மோட்டார் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு அகலத்துக்கு, பதின்மூன்று அங்குலம், மடங்காத ஒரு பட்டையை முதலில் ரம்பத்தோடு சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்கினார். கீல் அந்தப் பட்டையின் ஓரத்தில் வந்தது. மடங்கும் பலகை தரையைத் தொடாமல் தொங்க முப்பத்திரண்டு அங்குலத்துக்கு மேல் நீளம் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட நாலடி. மடக்கினால் அது பிடிப்பது மோட்டார் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த இடம்தான். வழியில் புதிதாக எதுவும் குறையவில்லை.

அதன்பிறகு வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. ஒவ்வோர் அளவுக்கும் ஆர்லிஸ் கதவைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் வெர்டெலிடம் பதில் இருந்தது. ஒரு பொருளும் செய்யத் தெரியாத அந்த மனிதருக்கு, ரம்பத்தைத் தாண்டி வருகிற பலகை என்னவெல்லாம் செய்யும் என்பது ஊரில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது.

“மட்டமா வைக்காத,” என்றார். ஆர்லிஸ் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். “நான் என் கைய எப்பவும் கொஞ்சம் கீழதான் வச்சிருப்பேன். சமமா வச்சா பலகையோட மூக்கு முட்டும்.”

“எவ்வளவு கீழ?”

வெர்டெல் யோசித்தார். “ரெண்டு போஸ்ட்கார்டு கனம்.”

ஆர்லிஸ் உள்ளே போய் மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு போஸ்ட்கார்டு எடுத்து வந்து வைத்து அளந்தார்.

“நீளப் பலகைன்னா கடைசியில இடது பக்கம் நழுவும். நான் முழங்கையால ஒதுக்குவேன். அந்தப் பக்கம் அகலமா விடு.”

இடது பக்கம் ஆறு அங்குலம் கூடியது.

“குறுக்க அறுக்கும்போது பலகையை அணைச்சுத் தள்ள ஒரு சட்டம் வச்சிருக்கியே, அதோட இரும்புக் கம்பி. அது நேரா என் பெல்ட்டுல வந்து இடிக்கும். அதுக்காகவே நான் ஒரு அடி தள்ளி நிப்பேன்.”

“பத்தொம்பது வருஷமா இடிச்சுதா? ஏன் சொல்லல?”

“நீ வேலையா இருந்த.”

ஆர்லிஸ் குனிந்து, அந்தக் கம்பி ஓடுவதற்கு மேஜையில் இரண்டு காடிகள் வெட்டினார். வெகுநேரம் அதைத் தேய்த்து வழவழப்பாக்கினார்.

மேஜைக்குக் கால் வைப்பதில்தான் மறுபடி சிக்கிக்கொண்டோம். மழைத் தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கராஜ் தரை வாசல் பக்கம் சரிந்திருக்கும். ஒரு கால் நின்றால் இன்னொன்று தூக்கியது. ஆர்லிஸ் அடியில் மரத்துண்டு வைத்தார். அடுத்த முறை விரித்தபோது துண்டு நகர்ந்துவிட்டது. மூன்று நாள் அதிலேயே போயிற்று.

நான்காம் நாள் காலை வெர்டெல் கேட்டார், “என் ஜீப்புல கடிதம் பிரிக்க ஒரு மடக்குத் தட்டு இருந்துதே, ஞாபகம் இருக்கா?”

“பச்சைத் தட்டு.”

“அதுக்குக் கீழ கால் கிடையாது. ரோடு எந்தப் பக்கம் சாஞ்சாலும் அது சாயாது. கம்பி ரெண்டும் சரிவா வந்து ஜீப்போட உடம்பிலேயே உக்காந்துக்கும். தரைய எதுக்கு நம்பற? மெஷினையே நம்பு.”

ஆர்லிஸ் எழுந்து நின்று கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். பிறகு போட்ட கால்களைக் கழற்றினார். மேஜையின் அடியிலிருந்து சரிவாக இறங்கி, ரம்பத்தின் கீழ்ச்சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் உட்காரும் இரண்டு முட்டுக் கட்டைகள் செய்தார். மேஜையை ஒரு கையால் தூக்கினால் கட்டைகள் தாமாக விழுந்து பள்ளத்தில் பொருந்தின. சற்றே உயர்த்திக் கட்டைகளைத் தட்டினால் மேஜை தொங்கிக்கொண்டது. நடைச் சட்டம் இடிக்காமல் போனது. வெர்டெலே நடந்து காட்டினார். அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாக நின்று ரம்பத்தைப் பார்த்தார்.

மேலே வழுவழுப்பான வெள்ளைத் தகடு ஒட்டி மெழுகு தேய்த்து முடித்த நாளில், முதல் பலகை அறுப்பதைப் பார்க்க நாங்கள் எல்லோரும் இருந்தோம். எட்டடி பிர்ச் மரப் பலகை. ஆர்லிஸ் விசையைப் போட்டுத் தள்ளினார். பலகை ரம்பத்தைத் தாண்டியது, விளிம்பில் முட்டவில்லை, வெள்ளைத் தகட்டின் மேல் வழுக்கிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி முனை வரும்போது ஆர்லிஸ் பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தார். ரம்பத்தின் பின்னால் யாரும் இல்லை. அவர் கண் கதவுக்குப் போனது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெர்டெல் தாடையை ஒரு முறை ஆட்டினார்.

ஆர்லிஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதடைப்பைக் கழற்றினார். கதவுப் பக்கம் நடந்தார்.

“வெர்டெல். பத்தொம்பது வருஷம் பின்னால நின்ன. நான் ஒரு தடவ கூட உனக்கு தேங்க்ஸ் சொன்னதில்ல.”

“காபி குடுத்தியே.”

“காபி எல்லாருக்கும்தான் குடுக்கறேன். ட்வெய்னுக்கே குடுக்கறேன். இது வேற. நீ இல்லாம ஒரு பலகைகூட அறுத்திருக்க மாட்டேன். தேங்க்ஸ்.”

வெர்டெல் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான்தான் சொல்லணும்,” என்றார் மெதுவாக. “வேலைய விட்டப்புறம் என் வயசு ஆளுங்க காலையில எழுந்து எங்க போறதுன்னு தெரியாம நின்னாங்க. எனக்குப் போக ஒரு இடம் இருந்துது. அஞ்சடி இடம்தான். ஆனா அங்க நான் வேணும்.”

இந்த ஊரில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். ஒரு கணவனும் மனைவியும் மற்றவர்கள் முன்னால் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ட்வெய்னுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“இது சர்ச்சுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல சட்டை போட்டுட்டு வந்திருப்பேன்,” என்றார். ஆனால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஆறு அலமாரிக்கும் வேண்டிய பலகைகளை ஆர்லிஸ் ஏழு நாளில் தனியாக அறுத்து முடித்தார். அதன்பின் அவற்றுக்கு எண்ணெய் பூச வேண்டும். விரித்த மேஜையின் ஓரமாக ஓர் உயரமான முக்காலியைப் போட்டார். வெர்டெலிடம் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணெய்த் துணியை மட்டும் முக்காலிக்கு எதிரே வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அரை மணி நேரத்துக்கெல்லாம் நடைச் சட்டம் படி இறங்கும் சத்தம் கேட்டது. வெர்டெல் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் மேஜையில் ஊன்றிக்கொண்டார். கனத்தை மேஜை வாங்கிக்கொண்டதும் ஆட்டம் பாதி குறைந்தது. மீதி ஆட்டம் துணிக்குப் போனது. சின்னச் சின்னதாக, விடாமல், மரத்தின் வரிகளுக்குள் எண்ணெய் இறங்கியது. ஆர்லிஸ் ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் பூசியதைவிட அது சீராக இருந்தது.

“எப்படி இது?”

“துணியை வச்சா போதும். மிச்சத்தைக் கை தானா பாத்துக்குது,” என்றார் வெர்டெல். “வேலைல சேத்துக்கிறியா?”

“நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வா. லேட்டா வந்தா ட்வெய்னைச் சேத்துக்குவேன்.”

ஜூன் மாதத்தில் பதினோரு அலமாரியும் நூலகச் சுவரில் நின்றன. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேலாக அந்தக் கராஜிலிருந்து வெளியே வந்த எல்லாவற்றிலும் எண்ணெய் பூசியது வெர்டெல்தான். திறந்த கராஜில் மேஜை விரிந்திருந்தால் அவர் அங்கே இருப்பார். மடங்கியிருந்தால் டாக்டரிடம் போயிருக்கிறார்கள் என்று எனக்கு என் ஜன்னலிலிருந்தே தெரியும்.

போன இலையுதிர்காலத்தில் விழுங்குவது கஷ்டமாகி, இரண்டு தெரு தள்ளியுள்ள முதியோர் இல்லத்துக்கு அவரை மாற்ற வேண்டியதாயிற்று. ஆர்லிஸ் மூன்றரை மணிவரை கராஜில் வேலை செய்கிறார். பிறகு அங்கே போகிறார். உடை மாற்றிக்கொண்டு போனால் வெர்டெலுக்குப் பிடிப்பதில்லை; மரத்தூளோடு வா என்கிறார். சென்ற வாரம் நான் அங்கே இருந்தபோது ஆர்லிஸ் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். வெர்டெல் அவருடைய சட்டைக் கையை மூக்கருகே இழுத்து முகர்ந்தார்.

“ஓக்,” என்றார்.

“ஓக் மரம்தான். சர்ச்சோட ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு நாலு பெஞ்சு கேட்டிருக்காங்க.”

“பலகை நல்லா போச்சா?”

“நல்லா போச்சு. எங்கயும் முட்டல.”

வெர்டெல் தலையை ஆட்டிவிட்டு, மனைவியின் சட்டைக் கையிலிருந்த மரத்தூளை ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினார். அவசரமில்லாமல் அது முடியும்வரை ஆர்லிஸ் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.